ரிச்மண்ட் மலைப்பெட்டி

எங்கள் அக்கா விருதுநகரில், வத்தல் வியாபாரக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார்கள். அப்பா மறைந்தபின் பூகோள ஆசிரியையாகி என்னைப் படிக்கவைத்தார்கள். மணமாகிச் சிவகாசிக்கு வந்ததும் அத்தானின் சிறிய தீப்பெட்டிக் கம்பெனியையும் சேர்த்துக் கவனித்தார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பெயர் வைத்தால் சரக்கு நன்றாகப் போகும் என்று எல்லோரும் நம்பிய காலம். அத்தான் தம் முதல் லேபிளுக்கு 'ரிச்மண்ட்' என்று பெயரிட்டார்கள். பழைய பிரெஞ்சு மொழியில் அதற்கு வலிமையான மலை என்று பொருள். இதைப் புத்தகத்தில் கண்ட அக்கா, லேபிளில் ஒரு மலையை வரையச் சொன்னார்கள்.

முதல் லோடு ஏறிய காலையில் பக்கத்துத் தெருப் பெரிய கம்பெனி முதலாளி வந்தார். அதே பெயரில், லேபிளில் ராணி தலை போட்டு அவர் முன்பே விற்றுவந்தது எங்களுக்குத் தெரியாது.

"லோடை இறக்குங்க. பேரு என்னுது."

அந்த லோடு போகாவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான்.

அக்கா அட்லஸை விரித்தார்கள். "உங்க ரிச்மண்ட் எதுன்னு காட்டுங்க அண்ணாச்சி."

"இங்கிலாந்துல இருக்கும்."

"அங்கனயே ரெண்டு இருக்கு. வடக்க இருக்கது மூத்தது. அந்தப் பேரை ஒரு ராஜா லண்டன் பக்கம் தன் அரண்மனைக்கு வச்சாரு. ஆத்தங்கரை அதே மாதிரி இருக்குன்னு அமெரிக்காவுலயும் வச்சுக்கிட்டாக. எந்த ஊர்க்காரன் சண்டைக்கு வந்தான்?"

"ஊரு வேற, யாவாரம் வேற தாயி. எஞ்சரக்குன்னு நெனச்சு உங்கள வாங்கிட்டா?"

"அது நியாயம். வாங்க, விக்கிறவரையே கேப்போம்."

எதிர்க்கடையில் இரண்டு பெட்டிகளையும் வைத்து, "இதுல ரிச்மண்ட் எது?" என்று அக்கா கேட்டார்கள்.

கடைக்காரர் புரட்டிப் பார்த்தார். "இது ராணிப்பெட்டி. அது புதுசு, மலைப்பெட்டி. நீங்க சொல்லுற சரக்கு நம்மகிட்ட இல்லியே."

முதலாளி சிரித்துவிட்டார். "லாரியக் கெளப்புங்க தம்பி. மலையோட மல்லுக்கட்டி நான் எங்கன செயிக்க."

மலைப்பெட்டி அதன்பின் எந்த சீசனிலும் தேங்கியதில்லை. அக்காவின் மூன்று பிள்ளைகளும் அதன் வருமானத்தில்தான் படித்தார்கள்.

அக்காவின் கடைசி நாட்களில் உடனிருந்த மருத்துவருக்கும், தாதியர்க்கும், மாறி மாறிக் கஞ்சி கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும் எங்கள் நன்றி. அந்த முதலாளிக்குத் தனியாக ஒரு நன்றி. இறுதிச் சடங்கன்று வெயிலில் தெருமுனையில் நின்று, வெளியூர் உறவினர் ஒவ்வொருவருக்கும் அவர்தான் வழிகாட்டினார்:

"மலைப்பெட்டி டீச்சர் வீடா? நேராப் போங்க. அங்கன யாரைக் கேட்டாலும் சொல்லுவாக."