ஒரு கால் கூடிப்போன பலகை

நெடுஞ்சாலைப் பாலத்தின் கைப்பிடிக் கம்பிக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர், ஒரு முழத்தை மட்டும் அடிக்காமல் விட்டுவைத்திருந்தார். டீக்கடை அக்கா சாய்ந்து நின்று கதை பேசுகிற இடம் அது. அவள் கடை திறக்காத நாளாகப் பார்த்து அதை அடித்து முடித்தார், யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஊரே முதுகில் பச்சைக் கோட்டோடு திரிய, தன் துணியில் மட்டும் ஒரு பொட்டுகூட இல்லையே என்று அக்காவுக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

அவர் பேசுவது அவருக்கே கேட்காது. அதனால் முணுமுணு என்று பேர். அக்காவுக்கோ ஆண்டவன் தொண்டையை அளக்காமல் கொடுத்துவிட்டான். இக்கரையில் அவள் "டீ" என்றால் அக்கரையில் இருப்பவன் டம்ளருக்குக் கை நீட்டுவான்.

கம்பி வேலை ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கமும் கிடைத்துவிட்டால் மழைக்காலம் முழுக்க முணுமுணு வீட்டில் கவலையில்லை. அதற்கு முன்னால், பாலத்து முகப்பில் 'மெதுவாகச் செல்லவும்' என்று பலகை எழுதச் சொல்லியிருந்தார் இன்ஜினியர். முணுமுணு ஏணியில் நின்று எழுத, கீழே அக்கா தன் நாத்தனார் வீட்டு வாத்து பஸ் ஏறிப்போன கதையை எடுத்துவிட்டாள்.

"டிக்கெட் கேட்டா அது என்ன பண்ணுச்சு தெரியுமா தம்பி?"

"சொல்லுங்கக்கா, சொல்லுங்க" என்றார் முணுமுணு. வாய் சொன்னதையே கையும் எழுதிவிட்டது.

'மெதுவாகச் சொல்லவும்.'

லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திச் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து இன்ஜினியர் வந்து இறங்கினார். ஏணியில் இருந்தவரைப் பார்த்து, "யோவ்! முதல்ல அந்தக் காலை எடுய்யா!" என்று கத்தினார்.

முணுமுணு பயந்துபோய் ஒரு காலைத் தூக்கினார். ஏணி ஆடியது.

"உன் காலை இல்லய்யா! எழுத்துல இருக்கிற காலை!"

"மறுபக்கத்துக்கு வேற ஆள் பார்த்துக்கிறேன்" என்றும் சொல்லிவிட்டார். முணுமுணு தூரிகையைத் துடைத்தார். அக்காவின் பேரை அவர் எடுக்கவேயில்லை. அக்கா விடுவாளா? ஓடிவந்து, இன்ஜினியர் காதருகே நின்று, "எல்லாம் என்னாலதான் சார்! வாத்துக் கதை நான்தான் சொன்னேன்!" என்றாள்.

இன்ஜினியர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "மெதுவாச் சொல்லும்மா!" என்று அலறினார்.

"பாருங்கப்பா, சாரே பலகையைப் படிக்கிறாரு!" என்றான் ஒரு லாரிக்காரன்.

பாலமே சிரித்தது. இன்ஜினியரும் எவ்வளவு நேரம்தான் முறைப்பார்? அவருக்கும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "காலை அழிச்சுட்டு மறுபக்கத்தை ஆரம்பி. ஆனா இந்தம்மா வாயைத் திறக்கக்கூடாது" என்றார்.

அன்று தொடங்கி, முணுமுணு தூரிகையைத் தொட்டால் அக்கா வாயைப் பொத்திக்கொள்வாள். பாதிக் கதை அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

வேலை முடிந்தது. வேறொரு ஆற்றுப் பாலத்துக்குப் போக அவர் பஸ் ஏறினார். அவள் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். பஸ் நகரும்போது அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, பிறந்ததிலிருந்து முதன்முறையாகச் சத்தமாகப் பேசினார்:

"இப்ப கையில பிரஷ் இல்லக்கா, தைரியமாச் சொல்லுங்க! அந்த வாத்து எங்கதான் இறங்குச்சு?"