தாயம்மாள் போடாத கீறல்

“தலைய ஊற வெக்காம வந்து உக்காந்துக்கினா ரத்தம்தான் வரும். அப்புறம் என்னச் சொல்லாதீங்க.”

திருத்தணி மலையடிவாரத்தில் மொட்டை போடும் தாயம்மாள், தினமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் கத்தியை எடுப்பார். இருபத்திரண்டு வருடத்தில் யார் தலையிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. வராத ரத்தத்துக்கு எதற்கு இந்தப் புலம்பல் என்று கேட்டால், “சொல்றதாலதான் வர்ல” என்பார். வாயில் அவரை ஜெயிக்க முடியாது. நானே தோற்றிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த ஒயின் ஷாப்பை மூடச் சொல்லி நாங்கள் பெண்களெல்லாம் ரோட்டில் உட்கார்ந்தோம். குடித்தவனை விட்டுவிட்டுக் கேட்டவளை அடிப்பதுதானே வழக்கம். போலீஸ் லத்தியோடு இறங்கியது. பக்கத்து வீட்டு அனிதாவுக்கு உச்சந்தலையில் விழுந்தது. தலையில் காயம் இருந்தால் மறியலில் இருந்தவள் என்று பிடித்து, கேஸ் போட வேனில் ஏற்றினார்கள். நான் அவளை இழுத்துக்கொண்டு தாயம்மாளின் கொட்டகைக்குள் ஓடினேன்.

தாயம்மாள் காயத்தைப் பார்த்தார். அனிதாவைப் பலகையில் உட்கார வைத்து, ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தார்.

“அக்கா, வர்ற வாரம் என் தங்கச்சிக்குக் கல்யாணம்” என்று அனிதா அழுதாள்.

“மொட்டத் தலையோட கல்யாணத்துக்குப் போலாம்டி. ஜெயில்ல இருந்து எப்பிடிப் போவ? குனி.”

பாதித் தலை மழித்திருந்தபோது ஒரு போலீஸ்காரர் உள்ளே வந்தார்.

“இன்னாம்மா, தலையில ரத்தம்?”

தாயம்மாள் கத்தியை நிறுத்தவே இல்லை.

“என் கத்திதான் பட்டுடுச்சி சார். ஊற வெக்காம உக்காந்தா இப்பிடித்தான் ஆவும். தெனமும் கத்திக்கினு கெடக்கறேன், யாரு கேக்கறாங்க? நீங்களும் மொட்ட போட்டுக்கறதா இருந்தா தொப்பியக் கழட்டிட்டு, நல்லா நனைச்சிக்கினு வாங்க.”

அவர் தன் தொப்பியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அவர் பின்னாலேயே, குழந்தைக்கு மொட்டை போடக் காத்திருந்த சித்தூர்க் குடும்பமும் எழுந்து பக்கத்துக் கொட்டகைக்குப் போனது.

சாயந்திரத்துக்குள் அடிவாரம் முழுக்கப் பேச்சு: தாயம்மாளுக்குக் கை நடுங்குது. அதிலிருந்து குழந்தைகளை யாரும் அவரிடம் கொண்டுவருவதில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் எத்தனையோ தடவை கிளம்பினேன். “கேசு முடியற வரிக்கும் வாய மூடிக்கினு இரு. உனக்கும் கொஞ்சம் பழகட்டும்” என்றார் தாயம்மாள்.

போன மாதம் அந்த மறியல் கேஸ் தள்ளுபடி ஆனது. ஒயின் ஷாப் இரண்டு தெரு தள்ளிப் போயிருக்கிறது. அனிதாவின் பின்னல் தோளைத் தாண்டிவிட்டது. தாயம்மாள் கொட்டகையில்தான் இன்னும் கூட்டமில்லை.

நேற்று போய், “இப்பவாவது நடந்தத எழுதட்டுமா?” என்று கேட்டேன்.

“ஆங், எழுது. வர்றவங்கள தலைய ஊற வெச்சிக்கினு வரச் சொல்லு.”

அந்தக் கை நடுங்கவில்லை. அந்தக் கீறல் லத்தி போட்டது. மலைக்கு வந்தால் தாயம்மாளைப் போய்ப் பாருங்கள், குழந்தையையும் கூட்டிக்கொண்டு. தலையை மட்டும் நன்றாக நனைத்துக்கொண்டு போங்கள்; திட்டு வாங்கினால் என்னைக் கேட்காதீர்கள்.