கிளம்பாத கல்யாணக் கார்

வெகுதூரம் ஓடி வந்து நிற்கிற காரின் பானட்டைத் தூக்கினால் முகத்தில் அனல் அடிக்கும். கூடவே, சூடாறுகிற இரும்பு ‘டிக்... டிக்...’ என்று தன்பாட்டுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் அடங்கும்வரை என்ஜினைத் தொடக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். சிம்மக்கல்லில் எங்கள் வீட்டு வாசலில் அப்பாவும் நானும் ஆளுக்கொரு பக்கமாகக் குத்தவைத்து, ஒன்றும் பேசாமல் காத்திருப்போம். எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் அது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டிருந்தார்கள். வீட்டில் நான் ஒரே பிள்ளை.

அப்பா வாடகைக் கார் ஓட்டினார். யாரோ ஒரு டாக்டர் ஓட்டித் தேய்த்த கறுப்பு வண்டியை வாங்கிச் சொந்தமாக வைத்திருந்தார். எவ்வளவு பெரிய கோளாறு வந்தாலும் ஒர்க்‌ஷாப்பில் விட மாட்டார், ‘நம்ம வீட்டு ஆளுக்கு நோவுன்னா நாமதான பாக்கணும்’ என்பார். ரேடியேட்டரில் ஊசித்துளை ஒழுகினால் அடுப்படியிலிருந்து மஞ்சள்தூளை எடுத்துவந்து கொட்டச் சொல்வார். பெட்ரோல் டாங்கி கசிந்தால் துணிக்குப் போடுகிற பார் சோப்பைத் தேய்த்து அடைப்பார். இரண்டுக்கும் அம்மாவிடம் திட்டு வாங்குவது நான்தான்.

“பொட்டப்புள்ள கையில மருதாணி வச்சுவிட வேண்டிய வயசுல கிரீஸ வச்சுவிட்டுருக்கீக. நாளைக்கு எவன் கட்டுவான்?” என்று அம்மா உள்ளிருந்தே சத்தம் போடுவாள்.

“கார் வச்சிருக்கவன் கட்டுவான்” என்பார் அப்பா, தலையைத் தூக்காமல்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்று இருந்தது. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துவிடுகிற, கறுப்புக் குல்லாய் போட்ட ஒரு சாமான் என்ஜினில் உண்டு; அப்பா அதை ‘டிஸ்டிபூட்டர்’ என்பார். இரண்டு பக்கமும் உள்ள கம்பிக் கொக்கிகளைத் தட்டிவிட்டால் குல்லாய் கையோடு வந்துவிடும். உள்ளே கட்டைவிரல் பருமனில் ‘ரோட்டர்’ என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். அதையும் உருவினால் அடியில் இரண்டு சின்ன வெள்ளிப் பொட்டுகள் தெரியும். அவற்றை உப்புத்தாளால் தேய்த்து, இடையில் தீப்பெட்டி அட்டை நுழைகிற அளவுக்கு மட்டும் சந்து விட வேண்டும். ‘உன் விரல்தான் தாயி அதுக்குள்ள போகும்’ என்று சொல்லி அப்பா அதை எனக்கே விட்டுவிட்டார். விரல்தான் காரணம் என்று நானும் நம்பினேன். எதிர்வீட்டு அரிசிக்கடைக்காரர் போகும்போதும் வரும்போதும், “என்னண்ணே, மெக்கானிக்குக்குப் பாவாடை கட்டிவிட்டுருக்கீக?” என்று கேலி செய்வார். நான் வெட்கத்தில் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். தெரியாத ஆள் ஒருவர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பங்குனியில் ஒரு நாள் அட்டையை நுழைத்துப் பார்த்துவிட்டு, “சரியா இருக்காப்பா?” என்று கேட்டேன். அப்பா குனிந்து நன்றாக உற்றுப் பார்த்து, “ரொம்பச் சரி” என்றார். அட்டை அப்போது என் கையில் இருந்தது. ரோட்டரையும் நான் திருப்பி மாட்டிவிட்டிருந்தேன், அந்தப் பொட்டுகள் யாருக்குமே தெரியாது. குல்லாயை எடுத்து மூடினேன்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பிருந்தே ‘பேச்சுத் துணைக்கு’ என்று என்னையும் சவாரிக்கு ஏற்றிக்கொள்ள ஆரம்பித்திருந்தார். ஊரைத் தாண்டியதும் ஒரு விளையாட்டு. “எதுத்தாப்ல வாரது லாரியா பஸ்ஸா, சொல்லு பாப்போம்.” நான் சொல்வேன். பின்சீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஒருமுறை பரவை சந்தைக்குப் பக்கத்தில், ரோட்டோரமாக நிற்கிற மாட்டுவண்டியை ஓடுகிற வண்டி என்று நினைத்துவிட்டார். “அப்பா, நிக்குது!” என்று நான் கத்திய பிறகுதான் பிரேக்கை மிதித்தார். பின்சீட்டு அம்மாள் ஒருத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். “அது திடீர்னு நின்னுருச்சு” என்று அப்பா சமாளித்தார். விளையாட்டு இல்லை, அப்பாவுக்கு நான்தான் கண் என்று அன்றைக்கு எனக்கு விளங்கிவிட்டது. கண்ணில் புரை. பெரியப்பாவுக்குக் கண்ணில் கத்தி வைத்துப் பார்வையே போய்விட்டதை அறிந்தவர் என்பதால், யாரிடமும் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். அதன்பிறகு எந்தச் சவாரியையும் நான் விடவில்லை, காய்ச்சலோடுகூட ஏறிப்போனேன்.

சித்திரையில் நான் வயதுக்கு வந்தேன். மாமா வந்து பின்கட்டில் தென்னங்கீற்று மறைப்புக் கட்டினார்; என்னை அதற்குள் உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனிப் பாய், பதினாறு நாள். எதையும் தொடக் கூடாது, ஆம்பிளைகள் முகத்தில் விழிக்கக் கூடாது, பெற்ற அப்பா முகத்திலும்தான். அதுவரை அப்பா ஏதேதோ சாக்குச் சொல்லிச் சவாரிகளைத் தட்டிக்கழித்தார். எட்டாம் நாள் சாயங்காலம், வாசலில் அரிசிக்கடைக்காரரின் குரல் கேட்டது.

“நாளன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு, சமயநல்லூருக்குக் கல்யாணப் பொண்ண ஏத்திட்டுக் கிளம்பணும்ணே. புள்ளகுட்டியோட எட்டுப் பேரு. பாத்து ஓட்டுங்க.”

“ஏறி உக்காந்து கண்ண மூடிக்கங்க. மண்டபத்துல போய் முழிக்கலாம்” என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் அம்மா சாப்பாடு வைக்க வந்தபோது சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாயைத் திறந்தேன். சொன்னால் வீடு ரெண்டுபடும், தெரு முழுக்கக் கேட்கும், ‘குருடன் கார் ஓட்டுறான்’ என்று பேசுவார்கள். சொல்லாமல் விட்டால் எட்டு உயிர், அப்பாவையும் சேர்த்தால் ஒன்பது. வார்த்தையால் எதையும் செய்யத் தெரியாத பிள்ளை நான். கையால் செய்யத் தெரிந்தது ஒன்றுதான்.

அன்று மத்தியானம் அம்மா சடங்குக்குச் சொந்தக்காரர்களை அழைக்கப் போயிருந்தாள். அப்பா உள்ளே படுத்திருந்தார். சித்திரை வெயிலுக்குத் தெருவில் காக்கைகூட இல்லை. முகம் மறையத் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பானட் கொதித்தது. கொக்கிகளைத் தட்டி, குல்லாயைத் தூக்கி, ரோட்டரை உருவிக்கொண்டு, எல்லாவற்றையும் முன்போலவே மூடிவிட்டு மறைப்புக்குள் வந்து விழுந்தேன். தீட்டோடு வெளியே போய்விட்டேன், சாமி என்ன செய்யுமோ என்ற பயம் ஒரு பக்கம். அப்பாவின் சோற்றில் கை வைத்துவிட்டேனே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

காலையில் மாலை வாசமும் பிள்ளைகள் சத்தமுமாகத் தெரு நிறைந்தது. ஸ்டார்ட்டர் திரும்பத் திரும்ப இழுத்தது, என்ஜின் பிடிக்கவில்லை.

“என்னண்ணே, நல்ல நாளும் பொழுதுமா காலை வாருது?” என்றார் அரிசிக்கடைக்காரர்.

பானட் தூக்குகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு கொக்கி, இன்னொரு கொக்கி. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. கண் தெரியாவிட்டாலும் அப்பாவின் விரல்களுக்கு அந்த இடம் தெரியும்.

“வேற வண்டி பாத்துக்கங்கண்ணே. இது இன்னைக்குக் கிளம்பாது” என்றார் அப்பா. அவர்கள் ஏசியதையெல்லாம் நின்று வாங்கிக்கொண்டார். கல்யாண வீட்டுக்காரர்களுக்குக் கோபம் வராதா என்ன.

சத்தமெல்லாம் அடங்கியபிறகு மறைப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கீற்று இடுக்கில் அவர் பாதம் மட்டும் தெரிந்தது.

“தாயி.”

“ம்.”

“எம்புட்டு நாளாத் தெரியும்?”

“பங்குனியில இருந்து.”

“அம்மாகிட்டச் சொன்னியா?”

“இல்லப்பா.”

கீற்று இடுக்கு வழியாக ரோட்டரை வெளியே தள்ளினேன்; தடவி எடுத்துக்கொண்டார். “சொல்லாத. நானே சொல்றேன்” என்றார்.

அன்றைக்கே சொன்னார். அம்மா அழுதாள். ஆனி மாதம் கண்ணில் கத்தி வைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது, சோடாபுட்டிக் கண்ணாடி வந்தது. ஆனால் அப்பா அதன்பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. கண் தெரிந்ததும் அவர் முதலில் நினைத்தது பரவை மாட்டுவண்டியையாம், அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். வெங்காய மண்டியில் மூட்டை எண்ணுகிற வேலைக்குப் போனார்.

காரை வாங்க ஆட்கள் வந்த அன்று, பல நாள் நின்ற வண்டி கிளம்ப மறுத்தது. வாசலில் ஏழெட்டு ஆம்பிளைகள். நான் தாவணி கட்டிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா அவர்களிடம், “எம்மக பாத்துக்குவா. இந்த வண்டிய அவளுக்குத்தான் முழுசாத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, “தாயி, இங்க வா” என்று கூப்பிட்டார். அவ்வளவு பேர் முன்னால், அவ்வளவு சத்தமாக. என் கால் நகரவில்லை. இன்னொரு தரமும் கூப்பிட்டார். பிறகு அவரே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து, அந்தப் பொட்டுகளை மெதுவாகத் தேய்த்துக் கிளப்பிக் கொடுத்தார். வண்டி போனதும் உள்ளே வந்து கை கழுவினார். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

இன்று என் மகனுடைய காரில் பானட்டைத் தூக்கினால் உள்ளே இன்னொரு மூடிதான் இருக்கிறது. கோளாறு என்றால் போன் செய்கிறான், யாரோ வந்து இழுத்துப் போகிறார்கள். என் கண்ணுக்கும் போன மாதம் புரை எடுத்தார்கள், காலையில் போய் மத்தியானம் திரும்பிவிட்டேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் பாத்திரக்கடை வந்துவிட்டது. வாசலில் குத்தவைக்க இடமில்லை. அப்பா போய் முப்பது வருஷமாகிறது. ரோட்டரை எடுத்ததற்காக நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. கூப்பிட்டபோது போகாததற்குத்தான் கேட்டிருக்க வேண்டும்.