சுண்ணாம்பு பூசிய கிளை

எங்கள் தெருவில் சாக்கடை மூடி உடைந்து பல மாதங்கள் ஆகின்றன. போன வாரம் மொஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் தாவ் மியா அம்மா அதில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். அடுத்தவர் விழாமலிருக்க, யாங்கூன் வழக்கப்படி அந்தப் பள்ளத்தில் ஒரு மரக்கிளையைச் செருகி வைத்தோம்.

இன்று காலை பேட்டை அலுவலக ஆட்கள் வந்து, தெருவோர மரங்களோடு அந்தக் கிளைக்கும் சுண்ணாம்பு அடித்தார்கள்.

"மூடி எங்கப்பா?" என்று மேஸ்திரி கோ ராஜுவிடம் கேட்டேன்.

"மூடிக்கு இந்த வருசம் பணம் ஒதுக்கல அண்ணே. மரத்துக்குத்தான் ஒதுக்கியிருக்காங்க."

"இது மரமில்லையே."

"லிஸ்ட்ல ஏறிடுச்சு. இனிப் பிடுங்கக் கூடாது."

தாவ் மியா நொண்டிக்கொண்டே வந்து கிளைக்குத் தண்ணீர் ஊற்றினார். "காஞ்சுபோனா அடுத்த வருசம் பணத்தைப் புதுக்கிளைக்குல்ல ஒதுக்குவாங்க, மூடிக்கு எங்க ஒதுக்கப் போறாங்க" என்றார்.

நாளை தண்ணீர் ஊற்ற யார் வருகிறீர்கள்? காலைப் பார்த்து வைத்து வரவும்.