நாமினி கட்டத்தில் ஒரு பெயர்

பம்புசெட் மோட்டார் செய்யும் கம்பெனியில், செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் போடும் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். ஐம்பத்தெட்டு வயது முடிந்த மாதத்தின் கடைசி நாளில் ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து பி.எஃப். பணம் வங்கிக் கணக்குக்கு வந்தது. அவ்வளவு பணத்தை நான் மொத்தமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மிச்சக் காலத்தை அதன் வட்டியில்தான் ஓட்ட வேண்டும். அதை டெபாசிட்டாகப் போடுவதற்காக ஒரு திங்கட்கிழமை வங்கிக்குப் போனேன்.

படிவத்தை வாங்கிப் பார்த்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பேனா முனையால் ஒரு கட்டத்தைத் தொட்டாள்.

“நாமினி எழுதாம உட்டுட்டீங்களேம்மா.”

“யாரை எழுதறதுன்னு தெரியலைங்க.”

“ஊட்டுக்காரரு?”

“கல்யாணம் ஆகலைங்க.”

நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் படிவத்தைப் பார்த்துக்கொண்டாள். “கூடப் பொறந்தவங்க?”

“அண்ணன் ஒருத்தர் இருக்காருங்க. உடுமலைப்பேட்டையில.”

“அவரையே போட்டுரலாங்களா?”

வரிசையில் பின்னால் நின்றவர் செருமினார். அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். “நாமினி வேண்டாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாலும் எடுத்துக்குவோங்க. அது உங்க இஷ்டம்.” சொல்லிவிட்டு இன்னொரு தாளை எடுத்து வைத்தாள். எனக்கு யாரும் வேண்டாம் என்று நானே கையெழுத்துப் போடுவதா? மனசு ஒப்பவில்லை. “இன்னொரு நாளைக்கு வாரேனுங்க” என்று இரண்டு தாள்களையும் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இதுவரை இந்தத் தொல்லை எனக்கு இருந்ததில்லை. கம்பெனியில் நீட்டிய காகிதத்திலெல்லாம் அம்மாவின் பெயரைத்தான் எழுதினேன். அப்பா போன பிறகு அம்மா என்னோடுதான் இருந்தார். கணபதி பகுதியில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறை வீடு. என் கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று இடத்தில் வந்து நின்றுபோனது. அப்புறம் அதைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அம்மா இறந்து ஏழு வருடம் ஆகிறது. அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உக்கடத்தில் பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அம்மாவின் காரியம் முடிந்ததும் அப்பாவின் தென்னந்தோட்டத்தில் என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு போக்குவரத்து குறைந்துவிட்டது. சொல்லாமல் வந்து நின்றதைப் பார்த்து அண்ணன் வாசலுக்கே வந்துவிட்டார்.

“வா கண்ணு. என்ன திடீர்னு? உடம்புக்கு ஏதாச்சுமா?”

அந்தக் குரலில் அக்கறை இருந்தது. அதற்குள்ளேயே ஒரு பயமும் இருந்தது. எனக்கு ஒன்று என்றால் யார் பார்ப்பது என்ற பயம். அது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கும் அறுபத்தைந்து ஆகிறது, தென்னையில் வெள்ளை ஈ விழுந்து இரண்டு வருடமாகக் காய்ப்பு இல்லை.

உடம்பு நன்றாக இருக்கிறது, வங்கியில் ஒரு பெயர் கேட்கிறார்கள், அவ்வளவுதான் என்றேன். அவர் முகம் இளகியது. “எம்பேரு எதுக்கு? நான் உனக்கு மூத்தவன். பையன் பேரைப் போட்டுரு” என்றார். உடனே பெங்களூரில் இருக்கும் மகனைப் போனில் கூப்பிட்டுக் கொடுத்தார்.

“அத்தை, டெபாசிட்லயா போடறீங்க? வெலவாசி ஏறுற ஏத்தத்துல அந்த வட்டியெல்லாம் பத்தாதுங்க அத்தை. நான் ஒரு ஃபண்டு சொல்றேன், அதுல போடுங்க” என்றான். நல்லதுக்குத்தான் சொன்னான். மூன்று நிமிடம் பேசியிருப்பான். சாப்பிட்டீர்களா, எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. போனை வைக்கும்போது ஆதார் நகலை அனுப்புவதாகச் சொன்னான். நான் பஸ் ஏறுவதற்குள் அது என் போனுக்கு வந்துவிட்டது.

கிளம்பும்போது அண்ணி சமையலறைக்குள் இருந்தபடியே, “தனியா எதுக்குங்க அங்க கெடக்கறீங்க, இங்கயே வந்துரலாமல்லங்க” என்றார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன்.

திரும்பி வந்தும் படிவத்தை நிரப்பவில்லை. புதன்கிழமை கோட்டைமேட்டுக்குப் போனேன். காயில் பிரிவில் இருபத்திரண்டு வருடம் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் அங்கேதான் இருக்கிறாள். முட்டி வலி தாங்காமல் எனக்கு முன்னாலேயே வேலையை விட்டுவிட்டாள். புருஷன் பூட்டுச் சாவிக் கடை வைத்திருந்தவர், இப்போது இல்லை. மகள் குடும்பத்தோடு பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி வீட்டில் இருக்கிறாள். என் டிபன் பாக்ஸில் என்ன இருக்கும், எந்த நாளில் எனக்குத் தலைவலி வரும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். என்னைப் பற்றி அவ்வளவு தெரிந்தவர்கள் வேறு யாரும் இப்போது உயிரோடு இல்லை.

தேநீர் குடித்து முடிக்கும்வரை வேறு எதையோ பேசிவிட்டுக் கடைசியில்தான் கேட்டேன். “உம்பேரை எழுதிக்கட்டுமா?”

முதலில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“வேண்டாங்க்கா.”

“ஏன் கண்ணு?”

“நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னு வைங்க. உங்க அண்ணன் ஊட்டாளுங்க வருவாங்க. கோட்டைமேட்டுக்காரி என்னத்தையோ சொல்லி எழுதி வாங்கிப்போட்டான்னு பேசுவாங்க. உங்களை எடுக்கறதுக்கு முந்தியே அந்தப் பேச்சு வந்துரும். எனக்கு வேண்டாங்க்கா. எம்மவளுக்கும் வேண்டாம்.”

அவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக அதை என்னால் சொல்ல முடியவில்லை. அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“எம்பேரு வேண்டாம். எம்போன் நம்பரை எழுதி பர்சுக்குள்ள வெச்சுக்கங்க. ஆஸ்பத்திரியில யாரைக் கூப்படறதுன்னு கேட்டாங்கன்னா அதைக் குடுங்க. எந்நேரமானாலும் வாரேன். பணத்துக்கு மட்டும் வேற ஆளைப் பாருங்க.”

அந்த எண் எனக்கு மனப்பாடம். ஆனாலும் அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

மறுநாள் வங்கியில் அண்ணன் மகனின் பெயரை எழுதினேன். உறவுமுறை என்ற இடத்தில் ‘அண்ணன் மகன்’ என்று போட்டேன். அந்தப் பெண் சரிபார்த்துவிட்டு, “அவ்வளவுதாங்கம்மா” என்றாள். எனக்கு ஒன்று ஆனால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதற்கு இடம் விட்டிருந்தார்கள். யார் வர வேண்டும் என்று எழுத அந்தப் படிவத்தில் எங்கேயும் இடம் இல்லை.

ஓய்வூதிய உத்தரவும் அதே மாதத்தில் வந்தது. நான் வாங்கிய முழுச் சம்பளத்துக்கு அல்ல, சட்டம் வைத்திருக்கும் ஓர் உச்சவரம்புக்குத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். காஸ் சிலிண்டரும் சர்க்கரை மாத்திரையும் வாங்கினால் தீர்ந்துவிடும் தொகை. எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அகவிலைப்படி ஏறியது என்று செய்தித்தாளில் வந்தால் என்னைக் கூப்பிட்டுச் சொல்லுவார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும், ஆனால் அது என் வீட்டுச் செய்தி இல்லை. என்னுடைய தொகை விலைவாசியோடு சேர்ந்து ஏறாது.

அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. உத்தரவோடு வந்த விளக்கத்தாளில் குடும்பம் என்றால் யார் யார் என்று எழுதியிருந்தது. கணவன், மனைவி, பிள்ளைகள். தப்பாக ஒன்றும் எழுதவில்லை, ஊரில் பெரும்பாலும் அப்படித்தானே இருக்கிறார்கள். ஆனால் எங்கள் பிரிவிலேயே என்னைப் போல நான்கைந்து பேர் இருந்தோம். அம்மாவைப் பார்த்துக்கொண்டு, தங்கையைக் கட்டிக்கொடுத்துவிட்டு, தாங்கள் அப்படியே நின்றுபோனவர்கள். ஒவ்வொரு மாதமும் எங்கள் சம்பளத்திலும் பிடித்தார்கள். சட்டம் எழுத உட்கார்ந்தவர்களில் யாருக்காவது எங்களைப் போல ஓர் அத்தையோ சித்தியோ இருந்திருக்கமாட்டாரா என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். போன தடவை அதற்காகக் காந்திபுரம் பக்கம் ஒரு கணினி மையத்துக்குப் போனேன். விரல் ரேகை விழவில்லை. இத்தனை வருடம் கம்பியும் வார்னிஷும் பட்டு விரல்கள் வழவழவென்று ஆகிவிட்டன. அங்கே இருந்தவர் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

“கண்ணைச் சிமிட்டுங்கம்மா.”

சிமிட்டினேன்.

“ஆயிருச்சுங்க. ஒரு வருசத்துக்குக் கவலையில்ல.”

எனக்கு அடுத்து ஒரு வயதான தம்பதி. அந்த அம்மா கணவரின் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, கண்ணாடியைக் கழற்றி, தலையை நேராகப் பிடித்துக்கொண்டார். அவர் வேறெங்கோ பார்த்தபடி இருந்தார். மூன்று முறை எடுத்தும் சரியாக வரவில்லை. அந்த அம்மா சலிப்போடு என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க, உங்களுக்கு மொதத் தடவையே ஆயிருச்சுங்களா?”

“ஆயிருச்சுங்க.”

“குடுத்து வெச்சவங்க” என்றார்.

ஆமாங்க என்று சொல்லிவிட்டு, அவர் கணவருக்குச் சரியாக வரும்வரை பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு வீட்டுக்குப் போக அவசரம் ஒன்றும் இல்லை.