என் மனைவி ஆடிய வருடங்கள்

பெண் பார்க்கப் போன அன்று நான் முதலில் கவனித்தது அவளுடைய கைகளைத்தான். காபி டம்ளரை நீட்டிய வலது கை, இடது கையைவிடச் சற்றுப் பருமனாக இருந்தது. ஏதோ அடிபட்டு வீங்கியிருக்கிறது போல என்று நினைத்தேன்.

அவளுடைய அப்பா ரயிலில் கார்டாக இருந்து பொம்மிடியில் ஓய்வு பெற்றவர். மாற்றலாகிப் போன ஊர்களில் ரயில்வே காலனிக்குள் பெரும்பாலும் ஒரு டென்னிஸ் கோர்ட் இருக்குமாம். யாரும் ஆடாத கோர்ட்டில் தனியாகப் பந்தடிக்க ஆரம்பித்த பெண், பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் மாநில அளவுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பெங்களூரில் பயிற்சி, வெளியூர், வெளிநாடு. நாங்கள் இண்டூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். எனக்குத் தருமபுரி டவுனில் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடை. டென்னிஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், டிவியில் அது வந்தால் சேனலை மாற்றிவிட வேண்டும் என்பதுதான்.

தனியாகப் பேசச் சொல்லி எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"கல்யாணத்துக்கு அப்பறமும் நான் ஆடுவேங்க. உங்களுக்குச் சம்மதங்களா?"

"ஆடுங்க. அதுல என்ன இருக்குது."

சாயங்காலம் ஒரு மணி நேரம் போய் ஆடிவிட்டு வருவாள் என்று நினைத்துக்கொண்டு சொன்னது அது. கல்யாணத்துக்கு வந்த ஒரம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் ஊர் திரும்பிய மறு வாரம் அவள் தாய்லாந்துக்குப் போனாள். எங்கள் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் "வேலையா போயிருக்குது" என்று சொன்னேன். யோசித்தால் அது பொய்யும் இல்லை.

அவள் ஆடி நான் முதலில் பார்த்தது பெங்களூரில். கடையை மதியத்தோடு சாத்திவிட்டு பஸ் பிடித்துப் போனேன். பெரிய கூட்டம் இருக்கும், டிக்கெட் கிடைக்குமோ கிடைக்காதோ என்று பயந்துகொண்டே போனவனுக்கு, சிமெண்ட் படிக்கட்டில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் மனசு என்னவோ போல ஆகிவிட்டது. அத்தனை தூரம் பயணம், அத்தனை பயிற்சி, பார்க்க ஏழெட்டுப் பேர். ஆனால் அவள் ஆடியதைப் பார்த்த பிறகு அந்த வருத்தம் மறந்துபோனது. வீட்டில் மெதுவாகப் பேசுகிறவள், சாப்பாட்டுத் தட்டைக்கூடச் சத்தம் வராமல் வைக்கிறவள், அங்கே பந்தை அடிக்கும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். இவளுக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று தோற்றாள். வெளியே வந்து ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்ல நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"நீங்க ஒன்னும் சொல்ல வேணாம். பக்கத்துல உக்காருங்க, போதும்," என்றாள்.

உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அந்த வேலையை நான் நன்றாகவே செய்தேன் என்று நினைக்கிறேன்.

உலகத் தரவரிசையில் அவள் பெயர் இருந்தது. பேப்பரில் போடுகிற அளவுக்கு மேலே இல்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் வடக்கே ஒரு போட்டியில் தலை சுற்றுகிறது என்று பாதியில் விட்டுவிட்டு வந்தாள். தருமபுரியில் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். என் அம்மா தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். இவள் மட்டும் இரண்டு நாளாக ராக்கெட் பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"உனக்குச் சந்தோஷமா இல்லையா?" என்று கேட்டேன்.

"சந்தோஷந்தாங்க. ஆனா இப்பத்தான் எனக்கு சர்வீஸ் நல்லா வர ஆரம்பிச்சுது."

அதைச் சொன்னபோது அவள் அழவில்லை. ஒரே மூச்சில் ஒருத்தி இரண்டையும் சொல்கிறாள், இரண்டுமே நிஜம்.

பெண் குழந்தை பிறந்தது. பாப்பாவுக்குத் தலை நிற்க ஆரம்பித்திருந்த நாட்களில், ஒரு காலையில் பின்பக்கம் தொப்பு தொப்பென்று சத்தம் கேட்டு எழுந்தேன். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் அவள் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். நைட்டிக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. என் அம்மா பால் பாத்திரத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பச்ச ஒடம்புக்காரி இந்தக் காத்துல நின்னு பந்தடிக்கிறா. நீ ஒரு வார்த்த சொல்ல மாட்டியா சாமி?"

சொல்லத்தான் பக்கத்தில் போனேன். அதற்குள் அவள் திரும்பி, "ஏங்க, அடிக்கும்போது என் முழங்கை கீழ எறங்குதானு கொஞ்சம் பாருங்க," என்றாள்.

பார்த்தேன். இறங்கியது. அதைச் சொன்னேன். அம்மா சொல்லச் சொன்னது மறந்தே போனது.

தரவரிசையில் அவளுடைய பழைய இடம் போய்விட்டது. மறுபடியும் அடிமட்டத்திலிருந்து, தகுதிச் சுற்றில் ஆடித்தான் மேலே வர வேண்டும். பாப்பா தாய்ப்பால் குடிக்கிறவள். விட்டுவிட்டுப் போக முடியாது. என் மாமியார் முட்டிவலியால் நடக்கவே சிரமப்படுகிறவர். ஆகவே நான் போகிறேன் என்றேன். தம்பி கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அம்மாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

"ஆம்பளயா பொறந்தவன் கைக்கொழந்தையத் தூக்கிகினு ஊர் ஊராப் போனா, ஊரு என்னா சொல்லும்?"

"கொழந்தையத் தூக்கிகினு போறான்னு சொல்லும்மா. வேற என்ன சொல்லப் போவுது."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் புறப்படுகிற அன்று, கஞ்சி காய்ச்ச முளைகட்டிய ராகி மாவைச் சலித்து டப்பாவில் அடைத்து என் பையில் வைத்தவளும் அவள்தான். வெந்நீர் எத்தனை கொதி கொதிக்க வேண்டும் என்று வாசல்வரைக்கும் வந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து ஆடிய முதல் போட்டி மகாராஷ்டிரத்தில் ஒரு ஊரில். நல்ல வெயில் காலம். ஆட்டத்துக்கு முன்னால் பால் கொடுத்துவிட்டு என் கையில் தந்துவிட்டுப் போனாள். ஒரு செட் அவளுக்கு, ஒரு செட் எதிராளிக்கு. மூன்றாவது செட்டில் பாப்பா அழ ஆரம்பித்தாள். டென்னிஸில் சர்வீஸ் போடும்போது ஈ பறக்கிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது. பந்தைத் தூக்கிப் போட்டவள் அடிக்காமல் கையால் பிடித்துக்கொண்டாள். அடுத்தடுத்து இரண்டு சர்வீஸும் வலையில் விழுந்தன. என்னால்தான் கெடுகிறது என்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரங்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே நடந்து நடந்து தூங்கவைத்தேன். உள்ளே கைதட்டினார்கள். யாருக்கு என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கழுத்தில் துண்டோடு கேட்டைத் தாண்டி வந்து இடமும் வலமும் தேடினாள். எங்களைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. தோற்றுவிட்டாள் என்று முகமே சொன்னது.

ரயிலில் வரும்போது, "அழுததால கவனம் போயிருச்சு, இல்ல?" என்று கேட்டேன்.

"அழுகை கேட்டாக்கூடப் பரவால்லங்க. சத்தம் இருந்தா, கூட இருக்குதுன்னு தெரியும். நீங்க எந்திரிச்சுப் போனதுக்கு அப்பறம்தான் எனக்குக் கை ஓடல. எங்க போனீங்க, வெயில்ல நிக்கிறீங்களான்னு தேடிக்கிட்டேதான் ஆடினேன்." மடியில் தூங்கிய பாப்பாவின் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "அழுவட்டும். எங்கியும் போயிராதீங்க."

நான் அதற்கு நேர்மாறாக அல்லவா நினைத்திருந்தேன்.

அடுத்தடுத்துப் போன ஊர்களில் அழுகிற குழந்தையோடு அசையாமல் உட்கார்ந்திருக்கப் பழகினேன். ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் கோர்ட்டைப் பார்ப்பேன். இரண்டு மூன்று ஆட்டங்கள் ஜெயித்தாள், நிறையத் தோற்றாள். பெங்களூரில் நடந்த ஒரு போட்டியில் தகுதிச் சுற்றைத் தாண்டி, காலிறுதி வரைக்கும் வந்துவிட்டாள். எதிரில் வடக்கத்திப் பெண், இவளைவிடப் பத்து வயது சின்னவள், அடி ஒவ்வொன்றும் இடி மாதிரி. முதல் செட் அந்தப் பெண்ணுக்குப் போனது. இரண்டாவது செட் இழுபறியாக இருந்தபோது பாப்பா குரலெடுத்தாள். அந்தப் பெண்ணோடு வந்திருந்த பயிற்சியாளர் கையை நீட்டி என்னவோ சொன்னார். உயரமான நாற்காலியில் இருந்த அம்பயரம்மா என்னைப் பார்த்து, குழந்தையைக் கொஞ்சம் வெளியே கொண்டுபோகிறீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

எழுந்தேன். கோர்ட்டுக்குள்ளிருந்து இவள் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். எங்கும் போய்விடாதீர்கள் என்றவள், இப்போது போகத்தான் வேண்டும் என்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கோர்ட்டைச் சுற்றிக் கம்பிவலை, அதன்மேல் ஆள் உயரத்துக்குப் பச்சைத் துணி. வெளியே போய் அவள் நிற்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்தேன். அவள் கண்ணில் படட்டும் என்று துணிக்கு மேலே பாப்பாவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். உயரத்தில் தூக்கியதும் பாப்பா அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு அது விளையாட்டு. உள்ளே இருப்பது எனக்குத் தெரியவில்லை. பச்சைத் துணிதான் தெரிந்தது. பந்துச் சத்தம் வைத்து ஆட்டம் போகிறது என்று மட்டும் புரிந்தது. ஆட்டக்காரிகள் பக்கம் மாறும்போதெல்லாம் நானும் சுற்றி நடந்து மறுபக்கம் போவேன். பந்து ஓடும்போது இறக்கிக்கொள்வேன், நின்றதும் தூக்குவேன். கை மரத்துப்போனது. வாட்ச்மேன் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கன்னடத்தில் "யாரு, தாயா?" என்று உள்ளே கை காட்டிக் கேட்டார். "ஆமாங்க, ஹௌது," என்றேன். தன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "இதுமேல நில்லுங்க," என்பதுபோல் தட்டிக் காட்டினார்.

நாற்காலியில் ஏறியதும் எனக்கும் கோர்ட் தெரிந்தது. இரண்டாவது செட்டை இவள் எடுத்திருந்தாள், இப்போது மூன்றாவது செட் முடியும் கட்டம். அவள் முகம் சிவந்து, தலைமுடி கழுத்தில் ஒட்டியிருந்தது. பந்தைத் தரையில் தட்டித் தட்டி நிமிர்ந்தாள், எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தாள், தூக்கிப் போட்டு அடித்தாள். திரும்பி வந்த பந்து வெளியே விழுந்தது. ஜெயித்துவிட்டாள்.

எதிராளிக்குக் கை கொடுத்தாள், அம்பயருக்குக் கொடுத்தாள், நேராகக் கம்பிவலைக்கு வந்தாள். மூன்று மணி நேரம் ஓடியவள் என்னிடம் முதலில் கேட்டது:

"கை வலிக்குதுங்களா?"

நான் சிரிக்கப் பார்த்தேன். சரியாக வரவில்லை.

பிறகு வீராங்கனைகளின் அறையில் தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு பாப்பாவுக்குப் பால் கொடுத்தாளாம். காலையில் அவளோடு ஆடித் தோற்றுப்போன அந்தச் சின்னப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பாப்பாவின் உள்ளங்காலைத் தொட்டுக்கொண்டே இருந்ததாம். அதை இவள் என்னிடம் சொன்னபோது ஜெயித்ததைவிட அதைத்தான் அதிகமாகச் சொன்னாள். அரையிறுதியில் தோற்றாள். குழந்தை பிறந்த பிறகு அவள் போன அதிகபட்ச உயரம் அதுதான்.

அதற்கு மேல் இன்னும் சில வருடங்கள் ஆடினாள். பாப்பா நடந்தாள், பேசினாள், மற்ற ஆட்டக்காரிகளின் பையைத் திறந்து பந்துகளை எடுத்து ஒளித்துவைத்தாள். தோள்பட்டை வலி மட்டும் போகவில்லை. ஊசி போட்டுக்கொண்டு ஆடினாள், பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஆடினாள். இதுதான் கடைசி என்று யாருக்கும் அறிவிக்கவில்லை. எனக்கும்கூடச் சொல்லவில்லை. ஒரு நாள் பெங்களூரிலிருந்து திரும்பும்போது, பஸ் கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நின்றிருந்த நேரத்தில், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"இதோட போதும்ங்க."

"தோள் சரியாப் போயிடும். டாக்டர் சொன்னாரில்ல."

"தோளுக்காகச் சொல்லல. இன்னிக்கு ஆடும்போது எனக்கு ஜெயிக்கணும்னே தோணல. வெயில் நல்லாருந்துது. பந்து நல்லா வந்துது. அது போதும்னு இருந்துது."

நான்தான் அழுதேன். பஸ் காவேரிப்பட்டணம் தாண்டுகிற வரைக்கும் அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன நீங்க, ஆடுனது நானு," என்றாள்.

இப்போது தருமபுரியில் காலை நேரங்களில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறாள். எங்கள் மகளுக்கு அதில் துளியும் ஆர்வம் இல்லை, அவளுக்குக் கபடிதான். முழங்கால் தோல் உரிந்து வருகிறாள். இவளுக்கு அதில் குறை எதுவும் இல்லை. மஞ்சள் பூசிவிட்டு, யார் யாரைப் பிடித்தார்கள் என்று முழுக்கதையும் கேட்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் போன பிறகு நான் ராக்கெட்டை எடுத்துக்கொண்டு எதிரில் நிற்பேன். தொந்தி விழுந்த ஆள், ஓடத் தெரியாது. புருஷன் என்று பார்த்து அவள் ஒரு பாயிண்ட்கூட விட்டுத்தர மாட்டாள். சர்வீஸ் வரும், நான் ராக்கெட்டைத் தூக்குவதற்குள் பின்னால் கம்பிவலையில் மோதியிருக்கும். போன மாதம் எப்படியோ ஒன்று என் ராக்கெட்டில் பட்டு, வலையைத் தாண்டி, கோட்டுக்கு உள்ளேயே விழுந்தது. அவள் அதைத் தொடவில்லை. பந்து விழுந்த இடத்தைப் போய்க் குனிந்து பார்த்தாள்.

"உள்ளதாங்க விழுந்துது," என்றாள். "இன்னொன்னு போடட்டுங்களா?"