காலிக் குண்டு உடைப்பவர்

கும்மிடிப்பூண்டி உருக்காலைக்குப் பழைய இரும்போடு ராணுவத்தின் காலிக் குண்டுகளும் வரும். அவற்றைச் சம்மட்டியால் உடைப்பவருக்கு ஒரு காது கிடையாது. உடைக்கும்போது யார் நெருங்கினாலும் இரும்புத் துண்டை எறிந்து விரட்டுவார். ஒருமுறை என் மண்டை பிளந்தது.

எழுபத்து நான்கில், பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்த மறுநாள், மேஸ்திரி லட்டு கொடுத்தார்.

"பூமிக்கு அடியில வெச்சாங்கப்பா. ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவல."

"குழி தோண்டுனவங்கள தூரப் போவச் சொன்னாங்களா?" என்றார் குண்டு உடைப்பவர்.

"அதெல்லாம் உனுக்கு இன்னாத்துக்கு? துன்னுய்யா."

தின்றார். எங்களை விரட்டிவிட்டு அடுத்த குண்டில் ஓங்கி அடித்தார். அது காலியாக இல்லை.

அவரைச் சாக்கில் அள்ளினோம். அனுப்பி வைக்க அவருடைய ஊர் எதுவென்று மேஸ்திரி கேட்டார். அவர் அருகே போய்ப் பேசியவர் எங்களில் ஒருவரும் இல்லை.